முள்ளெலி உறுப்பினரும் நானூற்றுப் பன்னிரண்டாம் உறுதிமொழியும்

ஒரு காட்டில் ஒரு முள்ளெலி சட்டமன்ற உறுப்பினராகிவிட்டாள். எந்தக் காடு, எந்தக் கட்சி என்று கேட்காதீர்கள். கேட்டாலும் சொல்ல மாட்டேன். சொன்னால் நாளைக்கே என் வாசலில் நாலு பேர் கறுப்புக்கொடியோடு வந்து நிற்பார்கள், அவர்களுக்கு டீ போட்டுக் கொடுக்க என்னால் ஆகாது.

அவள் பேர் ஆவுடையம்மாள். தேங்காய் மூடி அளவு உடம்பு, முதுகு முழுக்க முள். கூட்டத்தைக் கண்டால் சுருண்டுவிடுவாள். முள்ளெலிகளுக்கு அது பரம்பரை வழக்கம்; பயம் வந்தால் பந்து. அப்படிப்பட்டவள் எப்படித் தேர்தலில் ஜெயித்தாள் என்றால், அவள் மேடையே ஏறவில்லை. கீரியும் மரநாயும் இரண்டு பெரிய கட்சிகளின் பேரால் மைக்கில் ஒருவரையொருவர் நாறடித்துக்கொண்டிருந்த பதினைந்து நாளும், இவள் வளை வளையாகப் போய்க் குனிந்து ஒரே ஒரு வாக்கியம் சொன்னாள்: "வெள்ளோடையில பாலம் கட்டித் தாரேன்." விழுந்தது பாருங்கள் ஓட்டு! கீரிக்கு டெபாசிட் போயிற்று.

வெள்ளோடை பேருக்குத்தான் ஓடை. ஐப்பசி பிறந்து மேற்கே இரண்டு இடி இடித்துவிட்டால் ஆறு. முள்ளெலிகள் குடியிருப்பது இக்கரையில். அவர்கள் தின்னும் கறையான் புற்று அத்தனையும் அக்கரையில். தண்ணீர் வடிகிற வரை இக்கரையில் பட்டினிதான். பசி பொறுக்காமல் இறங்கினால் வெள்ளம் இழுத்துக்கொண்டு போகும். போன ஐப்பசியில் ஆவுடையின் மதினி செண்பகவல்லியின் கடைக்குட்டி அப்படித்தான் போனது. இரண்டு நாள் கழித்து, மூன்று வளைவு தாண்டி ஒரு தாழம்புதரில் அது உயிரோடு மாட்டிக்கொண்டிருந்ததைக் கண்டுபிடித்தார்கள். ஆயுசு கெட்டி, பிழைத்தது. ஆனால் அந்த இரண்டு நாளும் கரையில் நின்று செண்பகவல்லி கதறிய கதறல் ஆவுடையின் காதை விட்டுப் போகவே இல்லை.

ஓட்டுப் போட்ட கையோடு மதினி வந்து சொல்லிவிட்டாள்: "ஏட்டி ஆவுடை, அடுத்த ஐப்பசிக்குள்ள எம் பிள்ளைங்க கால் நனையாம அக்கரைக்குப் போகணும். இல்லைன்னா நீ எம்.எல்.ஏ.வா இருந்தாலும் சரி, எமனா இருந்தாலும் சரி, உன் முதுகுல ஒரு முள்ளு மிஞ்சாது."

"போவாங்க மதினி," என்றாள் ஆவுடை. சொல்லும்போதே பாதி சுருண்டிருந்தாள்.

மன்றம் ஒரு பெரிய ஆலமரத்தடியில் கூடியது. சபாநாயகர் ஒரு கிழட்டு மிளா மான். கொம்பு பெரிது, காது மந்தம். முதல் நாள், "மாண்புமிகு உறுப்பினர் ஆவுடையம்மாள் கன்னிப்பேச்சு" என்று அவர் கூப்பிட்டதும் நூறு தலைகள் திரும்பின. இவள் எழுந்தாள். எழுந்த வேகத்தில் பந்தானாள். அவைக் குறிப்பில் 'உறுப்பினர் உருண்டார்' என்று எழுதிக்கொண்டு அடுத்தவரைக் கூப்பிட்டார்கள்.

அடுத்த வாரம் குழுப் பட்டியல் ஒட்டினார்கள். சட்டமன்றம் என்றால் கூடிக் கத்துவது மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்களா? கத்துவது ஊருக்கு. வேலையெல்லாம் குழுவில். ஒவ்வொரு துறையையும் ஒரு குழு கண்காணிக்கும். சுனைக் குழு குடிநீரைக் கண்காணிக்கும். கனிமரக் குழு பலாவையும் நாவலையும் கண்காணிக்கும்; அந்தக் குழுவில் மட்டும் கூட்டத்துக்கு வராத உறுப்பினரே கிடையாது. ஆவுடைக்கு வேண்டியது பொதுப்பணிக் குழு. பாதை, மதகு, பாலம் எல்லாம் அதன் கையில்தான் இருந்தது. அந்த இடங்களை யானைகளும் காட்டெருமைகளும் முண்டியடித்துப் பிடித்துவிட்டன. முள்ளெலிக்குக் கிடைத்தவை இரண்டு. ஒன்று நூலகக் குழு, மற்றது உறுதிமொழிக் குழு. இரண்டுமே நாய் சீந்தாத குழுக்கள்.

நூலகக் குழு கண்காணித்தது ஒரே ஒரு அலமாரியை. உள்ளே பழைய சட்டங்கள், அந்தச் சட்டங்களைத் தின்று கொழுத்த கறையான். முப்பது வருஷமாக அந்தக் குழு கறையான் தொல்லை பற்றி ஆழ்ந்த கவலை தெரிவித்து அறிக்கை கொடுத்துக்கொண்டிருந்தது. அந்த அறிக்கைகளையும் கறையான் தின்றது. ஆவுடை முதல் நாளே அலமாரிக்குள் இறங்கினாள். சாயங்காலத்துக்குள் பாதி அலமாரி பளிச்சென்று ஆகிவிட்டது. அந்தக் குழு பிறந்ததிலிருந்து தீர்ந்த முதல் பிரச்சினை அதுதான். சக உறுப்பினர்கள் பாராட்டினார்களா? முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டார்கள். "மிச்சப் பாதியையும் தின்னுட்டா நாளைக்குக் குழுவுக்கு என்னம்மா வேலை?" என்று கேட்டு, இனி தொடக் கூடாது என்று எழுதியே கொடுத்துவிட்டார்கள்.

அவளுக்கு வயிறு நிறைந்திருந்தது. ஐப்பசியில் பட்டினி கிடக்கப்போகும் மதினியின் குட்டிகளை நினைத்ததும் தின்றதெல்லாம் கசந்தது. அந்தக் கசப்போடுதான் உறுதிமொழிக் குழுவின் அலுவலகத்துக்குப் போனாள்.

அங்கே அலுவலர் ஒரு உடும்பு, பேர் உலகநாதன். கோப்பு ஒன்று கையில் சிக்கினால் விடவே மாட்டார். உடும்புப் பிடி என்று சும்மாவா சொன்னார்கள்? சில கோப்புகளை அவர் அப்பா பிடித்துக்கொண்டிருந்தார். அவர் போன பிறகு இவர் பிடித்துக்கொண்டிருக்கிறார்.

"இந்தக் குழு என்னத்தப் பார்க்கும் அண்ணாச்சி?" என்று கேட்டாள் ஆவுடை.

"அமைச்சருங்க அவையில ஏதாவது செய்றேன்னு வாயை விட்டுட்டா, அது உறுதிமொழி. அதுக்கு ஒரு நம்பர் போட்டுப் பதிவேட்டுல ஏத்திருவோம். செஞ்சாரா, செஞ்சாரான்னு கேட்டுக்கிட்டே இருப்போம். நிறைவேறினாத்தான் பதிவேட்டுலருந்து பேரை அடிப்போம்."

"வெளியில மேடையில சொன்னா?"

"அது சும்மா பேச்சும்மா. அவைக்குள்ள சொல்லணும். குறிப்புல ஏறணும்."

ஆவுடைக்கு முள்ளெல்லாம் சிலிர்த்தது. பொதுப்பணிக் குழு கிடைக்காவிட்டால் போகட்டும். அமைச்சரை ஒரு தடவை வாய் திறக்க வைத்துவிட்டால், மிச்சத்தை இந்த உடும்பு பார்த்துக்கொள்ளுமே!

ஆனால் பொதுப்பணி அமைச்சர் வராகமூர்த்தி லேசுப்பட்ட ஆளா? காட்டுப்பன்றி. பத்து வருஷமாகத் துறையை வைத்திருக்கிறார். 'ஆவன செய்யப்படும்' என்பார், 'பரிசீலனையில் உள்ளது' என்பார், 'நிதி நிலைமைக்கேற்ப' என்று இழுப்பார். 'செய்கிறேன்' என்ற ஒரு வார்த்தை அவர் வாயிலிருந்து வந்ததாகச் சரித்திரம் கிடையாது.

கேள்வி நேரம் வந்தது. மன்றம் இருந்த இடம் சரிவு. புது உறுப்பினர்களுக்கு மேட்டில் கடைசி வரிசை, அமைச்சர்களுக்குப் பள்ளத்தில் முதல் வரிசை. சபாநாயகர் பேரைச் சொன்னதும் ஆவுடை எழுந்து கண்ணை இறுக மூடிக்கொண்டு, "வெள்ளோடையில பாலம்..." என்று ஆரம்பித்தாள். அவ்வளவுதான், சுருண்டுவிட்டாள். சுருண்டது மேட்டில் இல்லையா? உருள ஆரம்பித்தாள். வரிசைக்கு வரிசை வேகம் கூடியது. முயல்கள் துள்ளி விலகின, ஒரு யானை காலைத் தூக்கிக்கொண்டு நின்றது. பந்து நேரே அமைச்சரின் மூக்கைப் பார்த்து வந்தது. காட்டுப்பன்றிக்கு உடம்பெல்லாம் உரம். மூக்கு மட்டும் பட்டு.

"ஐயோ!" என்று அலறினார் வராகமூர்த்தி. "கட்டித் தரேன்! பாலம் கட்டித் தரேன்! யாராவது இதைப் பிடிங்கப்பா!"

காது மந்தமான சபாநாயகருக்கே அந்த அலறல் கேட்டது. "அமைச்சரின் உறுதிமொழி குறிப்பில் ஏறட்டும்," என்றார். உலகநாதன் அந்த க்ஷணமே பதிவேட்டைத் திறந்தார். எண் நானூற்றுப் பன்னிரண்டு: வெள்ளோடைப் பாலம்.

மதினிக்குச் சேதி போனது. "பாலம் நம்பர் வாங்கிருச்சு!" என்று இக்கரை முழுக்க ஒரே கும்மாளம். பாவம், நம்பர்தான் கிடைத்திருந்தது.

உறுதிமொழிக் குழுவின் தலைவர் ஒரு கரடி. பூதப்பாண்டி என்று பேர், பேருக்கேற்ற தொந்தி. முதல் கூட்டத்திலேயே ஆவுடை, சுருளாமல் இருப்பதற்காக மேஜைக் காலைக் கட்டிப் பிடித்துக்கொண்டு கேட்டாள்: "ஐயா, இந்த நானூத்திப் பன்னிரண்டுல எத்தனை நிறைவேறியிருக்கு?"

"ஒண்ணு," என்றார் உலகநாதன். "தொண்ணூத்தேழாம் நம்பர். புலியூத்துப் பாலம். அப்ப இருந்த அமைச்சர் கட்டி முடிச்சாரு, பேரை அடிச்சோம். அடுத்த ஆடிக் காத்துல விழுந்துருச்சு."

"விழுந்ததும் நீங்க கேட்கலையா?"

"எப்படிம்மா கேட்க? நிறைவேறின உறுதிமொழி மேல குழுவுக்கு அதிகாரம் கிடையாது. கட்டித் தரேன்னாரு, கட்டினாரு. நிக்கும்னு அவர் சொல்லவே இல்லையே."

கரடி ஒரு பெரிய கொட்டாவி விட்டது. "அதுக்கு எதுக்கும்மா கவலைப்படுதே? நிலுவையில இருக்கிறதைத்தான் நாம நேர்ல போய்ப் பார்வையிட முடியும். எல்லாம் நிறைவேறிட்டா நாம எங்க போறது? ஆமா, உங்க வெள்ளோடைப் பக்கம் மருத மரம் உண்டா? தேனடை எப்படி?"

"அக்கரையில பத்துப் பதினஞ்சு தொங்கும் ஐயா."

"அப்படிச் சொல்லு! இந்த வருஷ ஆய்வுப் பயணம் வெள்ளோடைக்குத்தான். அடை முத்தட்டும், ஐப்பசியில போவோம்."

"ஐப்பசியில தண்ணி வந்துருமே ஐயா. அதுக்குள்ள..."

"அப்பத்தானேம்மா ஜனங்க படுற கஷ்டம் நமக்கு நல்லாத் தெரியும்," என்றார் தலைவர், மனசார.

ஆவணி போயிற்று, புரட்டாசி போயிற்று. பாலத்துக்கு ஒரு கல் வரவில்லை. கேட்டுக் கேட்டு உலகநாதன் எழுதிய கடிதத்துக்கெல்லாம் 'பரிசீலனையில் உள்ளது' என்று பதில் வந்தது. ஐப்பசி பிறந்தது. மூன்று நாள் விடாமல் தூறியதில் ஓடை பாதி நிரம்பிவிட்டது. இக்கரை வளைகளில் குட்டிகள் பசியில் முனகத் தொடங்கின. நான்காம் நாள் குழு வருகிறது என்று தகவல்.

ஆவுடை முந்தின நாளே ஊருக்கு ஓடி வந்தாள். வந்து பார்த்தால் கண்ணை நம்ப முடியவில்லை. ஓடைக்குக் குறுக்கே மூங்கிலும் கொடியும் வைத்து அருமையான பாலம்! பொதுப்பணித் துறைக் குரங்குகள் ஒரே பகலில் கட்டி முடித்திருந்தன. பக்கத்தில் அமைச்சர் வராகமூர்த்தி நின்று மேற்பார்வை பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஐயா, பாலம் வந்துருச்சா!" என்றாள் ஆவுடை.

"சே சே, இது பாலம் இல்லம்மா," என்றார் அமைச்சர். "ஆய்வுக்கான ஏற்பாடு. பாலம் இல்லாததைக் குழு ரெண்டு கரையிலேயும் நின்னு பார்க்க வேணாமா? அக்கரைக்கு எப்படிப் போவாங்க?"

கொஞ்சம் உட்கார்ந்து யோசித்துப் பாருங்கள், நியாயம்தானே. அவளும் யோசித்துப் பார்த்தாள். தலை சுற்றியதுதான் மிச்சம்.

குழு வந்தது. சால்வை போர்த்தினார்கள். ஆவுடைக்குப் போர்த்திய சால்வை முள்ளில் மாட்டிக்கொண்டு கழற்றவே முடியவில்லை. போகட்டும் என்று விட்டுவிட்டார்கள். பூதப்பாண்டி பாலத்தின் நடுவில் நின்று, கீழே ஓடும் தண்ணீரைப் பார்த்து, "பாலம் இல்லாமல் இந்த மக்கள் படும் பாடு என் நெஞ்சை உருக்குகிறது," என்றார். அவர் கனம் தாங்காமல் மூங்கில் கிறீச்சிட்டது. பிறகு குழு அக்கரை மருத மரத்தடிக்குப் போய்த் தேனை ஆய்வு செய்ய ஆரம்பித்தது.

காவலுக்கு நின்ற குரங்குகள் பந்திக்குப் போனதுதான் தாமதம், பசித்த குட்டிகள் சும்மா இருக்குமா? ஒன்று ஓடியது. பின்னாலேயே இன்னொன்று. செண்பகவல்லியின் நாலு குட்டிகளையும் சேர்த்து முப்பது முள்ளெலிக் குட்டிகள் பாலத்தில் தடதடவென்று ஓடி அக்கரைப் புற்றுகளுக்குள் தலையை விட்டுக்கொண்டன.

மத்தியானம் தாண்டியது. தேன் தீர்ந்தது, ஆய்வும் தீர்ந்தது. குழு ஏப்பம் விட்டுக்கொண்டே இக்கரைக்குத் திரும்பியது. வராகமூர்த்தி கையைத் தட்டினார். "ம், பிரிங்கடா! நாளை மறுநாள் சுனைக் குழு வேற ஒரு ஓடையைப் பார்க்கப் போறாங்க. இருக்கிறது இந்த ஒரு செட்டு மூங்கில்தான்."

அப்போது மேற்கே ஓர் இடி இடித்தது. குரங்குகள் இக்கரையில் முதல் முடிச்சை அவிழ்த்தன. இரண்டாவது இடி இடித்தது.

"ஏட்டி ஆவுடை!" செண்பகவல்லி கரையில் நின்று அலறினாள். "பிள்ளைங்க அந்தப் பக்கம்டி! எம் பிள்ளைங்க எல்லாம் அந்தப் பக்கம்!" அதே கதறல். போன ஐப்பசியில் கேட்ட அதே கதறல்.

ஆவுடை அமைச்சரிடம் ஓடினாள். "ஐயா, ஒரு நாழி பொறுங்க. குட்டிங்க வந்துரட்டும்."

"ஆய்வு முடிஞ்சதும்மா," என்றார் வராகமூர்த்தி. "முடிஞ்ச பிறகும் இது நின்னா, பாலம்னு ஆயிரும். அப்புறம் ஆளாளுக்குக் கேட்பாங்க. நீ தள்ளு."

ஆவுடைக்கு முதுகு வளைய ஆரம்பித்தது. அவளுக்குத் தெரியும், அடுத்து என்ன நடக்குமென்று. வாழ்நாள் முழுக்க அவளை ஊர் சிரிக்க வைத்த அந்தச் சுருளல் வருகிறது. 'வாறதுதான் வாறே, இடம் பார்த்து வா!' என்று பல்லைக் கடித்துக்கொண்டு, பாதி வளைந்த முதுகோடு பாலத்தின் மேல் ஓடினாள். நட்டநடுவுக்குப் போனாள். சுருண்டாள். மேலே சால்வை.

ஒரு குரங்கு போய்த் தூக்கப் பார்த்தது. வீலென்று கத்திக்கொண்டு விரலை வாயில் வைத்துக்கொண்டது. அடுத்த குரங்கு முதல் குரங்கைப் பார்த்துவிட்டுப் போகவே இல்லை.

"தூக்கி எறிங்கடா!" என்று கத்தினார் அமைச்சர்.

உலகநாதன் நிதானமாக விதிப் புத்தகத்தைத் திறந்தார். "ஐயா, விதி முப்பத்தொண்ணு. உறுப்பினர் ஒருவர் ஆய்வு இடத்தில் இருக்கும் வரை ஆய்வு முடிந்ததாகக் கருதப்படாது. ஆய்வுக்கான ஏற்பாட்டையும் அகற்றக் கூடாது."

"அது ஆய்வா பண்ணுது? கண்ணை மூடிச் சுருண்டு கிடக்குய்யா!"

"நம்ம குழுவுல முக்காவாசிப் பேரு ஆய்வு பண்றது அப்படித்தாங்க," என்றார் உலகநாதன். சொல்லிவிட்டு, அவிழ்த்த முடிச்சுக் கொடியைத் தன் கையில் பிடித்துக்கொண்டார். உடும்பு பிடித்தால் தெரியுமே. பத்துக் குரங்குகள் இழுத்தும் வரவில்லை.

பந்துக்குள் இருட்டாக இருந்தது. மழை விழுகிற சத்தம் கேட்டது. கீழே தண்ணீர் உறுமுகிற சத்தம் கேட்டது. ஆவுடைக்கு உயிர் கையில் இல்லை. அப்புறம் மூங்கில் லேசாக அதிர்ந்தது. சின்னச் சின்னக் கால்கள் வரிசையாக அவளைத் தாண்டி ஓடின. ஒன்று, இரண்டு, பத்து, இருபது என்று எண்ணினாள். இருபத்தொன்பதோடு நின்றுவிட்டது. கொஞ்ச நேரம் கழித்து ஒரு ஜோடிக் கால் மெதுவாக வந்து பக்கத்தில் நின்றது.

"அத்தே, இங்க என்ன பண்ணுதீங்க?" என்று கேட்டது கடைக்குட்டி. வாயில் இன்னும் கறையான் மென்றுகொண்டிருந்தது.

"ஆய்வு," என்றாள் அத்தை, பந்துக்குள்ளிருந்து. "ஓடு உங்க அம்மாகிட்ட."

குட்டிகள் சேர்ந்தன. இனி எழுந்து வந்துவிடலாம்தானே? ஆவுடை எழவில்லை. எழுந்தால் ஆய்வு முடிந்துவிடும். ஆய்வு முடிந்தால் பாலம் போய்விடும். ஐப்பசியோ இன்னும் இருபத்தாறு நாள் பாக்கி இருந்தது, அதற்கு மேல் கார்த்திகை வேறு. அவள் அங்கேயே கிடந்தாள். ஊர் அவளைத் தாண்டித் தாண்டிப் புற்றுக்குப் போய்வந்தது. போகிறவர்கள் வருகிறவர்கள் ஆளுக்கொரு வாய் கறையானைச் சால்வைக்கடியில் தள்ளிவிட்டார்கள். தலைவர் பூதப்பாண்டிக்கு எந்த ஆட்சேபமும் இல்லை. ஆய்வு நீடித்தால் விருந்தும் நீடிக்கும் அல்லவா? "உறுப்பினர் மிக ஆழமாக ஆய்ந்துவருகிறார்," என்று மன்றத்துக்குக் கடிதம் எழுதிவிட்டு, அடுத்த மரத்தில் ஏறினார்.

வராகமூர்த்திக்குத்தான் தூக்கம் போயிற்று. காட்டில் இருந்த ஒரே செட்டு மூங்கில் இங்கே மாட்டிக்கொண்டது. சுனைக் குழு ஒரு கரையில் காத்திருந்தது. கனிமரக் குழு இன்னொரு கரையில் நின்றுகொண்டு, அக்கரைப் பழமெல்லாம் உதிர்கிறதே என்று அமைச்சரைச் சபித்தது. பதவிக்கே ஆபத்து வரும் போலிருந்தது. மூங்கிலை மீட்க அவருக்கு ஒரே வழிதான் தெரிந்தது. மழை விட்டதும் மார்கழியில் ஆள் இறக்கி, மூங்கில் பாலத்துக்குப் பக்கத்திலேயே நிஜமான கல் பாலம் ஒன்றைக் கட்டி முடித்துவிட்டார். ஆமாம், கோபத்தில் கட்டினார். பத்து வருஷத்தில் அவர் கட்டிய உருப்படியான பாலம் அதுதான். கடைசிக் கல் பதிந்த பிறகுதான் ஆவுடை மூங்கிலை விட்டு எழுந்தாள்.

தை மாசம் குழு கல் பாலத்தின் மேல் கூடியது. ஊரே மாக்கோலம் போட்டு, மாவிலை கட்டிவிட்டது. செண்பகவல்லி கடைக்குட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு முதல் வரிசையில் நின்றாள். அமைச்சர் ஒரு தாளை நீட்டினார். "உறுதிமொழி நானூற்றுப் பன்னிரண்டு நிறைவேற்றப்பட்டது. கையெழுத்துப் போடும்மா. பேரை அடிச்சிரலாம்."

ஆவுடை காலை மையில் தோய்த்தாள். தாளுக்குக் கொண்டுபோனாள். பாதியில் நின்றுவிட்டாள்.

"அண்ணாச்சி, பேரை அடிச்ச பிறகு ஒரு கல்லு பெயர்ந்தா?"

"எனக்குத் தெரியாதும்மா," என்றார் உலகநாதன் வருத்தத்தோடு. "பதிவேட்டுல இல்லாததை நான் பிடிக்க முடியாது."

அவள் அமைச்சரைப் பார்த்தாள். வராகமூர்த்தி சிரித்துக்கொண்டிருந்தார். பத்து வருஷம் துறையை வைத்திருக்கிறவர், பேரை அடிக்கப்போகிற நேரத்தில் எதற்காக இவ்வளவு அழகாகச் சிரிக்கிறார்? புலியூத்துக்காரர்களும் இப்படித்தானே மாவிலை கட்டியிருப்பார்கள் என்று நினைத்ததும் மைக்காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். ஊரே அவளையே பார்த்துக்கொண்டிருந்தது. நூறு தலைகள். வழக்கமாக இந்நேரம் பந்தாகியிருக்க வேண்டும். என்னவோ, முதுகு வளையவில்லை.

"கைப்பிடிச் சுவர் எங்க ஐயா?" என்றாள் சத்தமாக.

"என்னது?"

"கைப்பிடி இல்லாதது பாலமா? நிறைவேறலை. நிலுவைன்னு எழுதுங்க அண்ணாச்சி."

உலகநாதன் ஒரே பாய்ச்சலில் எழுதினார். பூதப்பாண்டி பெருமூச்சு விட்டு, "நல்ல வேளை, அடுத்த வருஷமும் இங்க வரலாம்," என்றார். அமைச்சரின் சிரிப்பு மட்டும் காணாமல் போயிற்று.

அன்று சாயங்காலம் செண்பகவல்லி வந்து ஆடித் தீர்த்துவிட்டாள். "ஏட்டி, உனக்குக் கிறுக்கா பிடிச்சிருக்கு? பாலம்தான் வந்தாச்சே! வரலைன்னு எதுக்குட்டி எழுதச் சொன்னே?"

"வந்தாச்சுன்னு எழுதினா போயிரும் மதினி. வரலைன்னு எழுதினாத்தான் நிக்கும்."

மதினி கல் பாலத்தை ஒரு தடவை பார்த்தாள், இடுப்பிலிருந்த கடைக்குட்டியை ஒரு தடவை பார்த்தாள். விவரமான முள்ளெலி அவள், சங்கதி புரிந்துவிட்டது.

அதிலிருந்து ஒவ்வொரு ஐப்பசிக்கும் குழு வெள்ளோடைக்கு வருகிறது. குழு வருவதற்கு ஒரு வாரம் முன்னால் வராகமூர்த்தி ஆள் அனுப்பி, பெயர்ந்த கல்லைப் பதித்து, பாசியைச் சுரண்டி, தூணைத் தட்டிப் பார்த்துவிட்டுப் போகிறார். கைப்பிடிச் சுவர் வந்துவிட்டது. வெளிச்சம் இல்லை என்றாள் ஆவுடை. மின்மினிகளைக் கொண்டுவந்து வைத்தார்கள். நிழல் இல்லை என்றாள். இப்போது இரண்டு பக்கமும் புங்கை வளர்கிறது. குழு வந்து இறங்கியதும் செண்பகவல்லி பாலத்தின் நட்டநடுவில் போய் நின்றுகொண்டு மாரில் அடித்துக்கொள்வாள். "ஐயா, பாலம் இல்லாம நாங்க படுத பாடு! நாங்க படுத பாடு!" அவள் காலுக்குக் கீழே குட்டிகள் கால் நனையாமல் அக்கரைக்கும் இக்கரைக்கும் ஓடிக்கொண்டிருக்கும். பூதப்பாண்டி கண்ணைத் துடைத்துக்கொண்டு தேனுக்குப் போவார்.

அடுத்த தேர்தல் வந்தது. கீரி, "ஐந்து வருஷமாகப் பாலத்தை நிறைவேற்றாத ஆவுடையம்மாளைக் கேளுங்கள்!" என்று மைக்கில் முழங்கியது. ஆவுடை பழையபடி வளை வளையாகப் போய்க் குனிந்து, அதே ஒரு வாக்கியத்தைச் சொன்னாள்: "வெள்ளோடையில பாலம் கட்டித் தாரேன்." வாக்குச்சாவடி அக்கரையில் இருந்தது. ஊர் மொத்தமும் வரிசையாகப் பாலத்தைக் கடந்து போய், அவளுக்கே ஓட்டுப் போட்டுவிட்டு, பாலத்தைக் கடந்தே வீடு திரும்பியது.

நீதி: நிறைவேறிய வாக்குறுதி அநாதை, நிலுவையில் உள்ள வாக்குறுதிக்கே ஆயிரம் காவல். ஆகையால் பாலம் கிடைத்துவிட்டால், அதன் மேல் ஏறி நின்றுகொண்டு பாலம் வேண்டும் என்று அழு.